எரியாத எண்ணெய்

தோணிரேவு ஊருக்குப் போகும் படகில் எனக்கெதிரே காக்கிச் சட்டைக்காரர் ஒருவர், மடியில் வைத்திருந்த சின்னப் புட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஆக்சிஜன் கம்பெனியில் வால்வு மாட்டும் ஃபிட்டராம். கடலுக்குப் போன என் வீட்டுக்காரருக்காக அம்மனுக்கு விளக்கு ஏற்ற நான் எடுத்துவந்த நல்லெண்ணெய், படகு ஆடியதில் கொட்டிப்போனது.

"அண்ணே, அதுல கொஞ்சம் ஊத்துங்க."

"இது எரியாதும்மா. ஆக்சிஜன் வால்வுக்குப் போடறது. அங்க சாதா எண்ணெய் பட்டா வெடிச்சிடும்."

"சாமிக்குக் குடுக்க இன்னா சாக்கெல்லாம் சொல்றீங்க!"

வெட்கப்பட்டு ஒரு மூடி ஊற்றினார்.

கோயிலில் தீப்பெட்டியே காலியானது. திரி கறுத்ததே தவிர எரியவில்லை. பின்னாலேயே வந்த ஃபிட்டர், கடையில் நல்லெண்ணெயும் புதுத் திரியும் வாங்கித் தந்தார். விளக்கு எரிந்தது. அவரோ புட்டியை அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டார்.

"இன்னா வேண்டிக்கினீங்கண்ணே?"

"இது என்னிக்கும் எரியக் கூடாதுன்னுதான்."

வீட்டுக்காரர் திரும்பிவந்தார். இன்றும் விளக்கு எரியும்போது, அந்த ஃபிட்டர் அண்ணனுடைய எண்ணெய் எரியாதிருக்கவும் சேர்த்தே கும்பிடுகிறேன்.