கிளட்ச் ஒயர்

அவளை எல்லோரும் ரம்பம் என்றுதான் கூப்பிட்டார்கள். வனத்துறையில் பாதை பராமரிக்கும் வேலை அவளுக்கு. நகரத்தின் கடைசி பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் தொடங்கும் மலைகளில், நடக்க வருகிறவர்களுக்காகப் போட்ட பாதைகள் அவள் பொறுப்பு. காற்றில் மரம் சாய்ந்து வழியை அடைத்தால் மோட்டார் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போய் அறுத்துத் தள்ளுவாள். மழையில் படிகள் அரித்துப்போனால் கல் அடுக்குவாள். ஆற்றுக்கு இறங்கும் வழியில் மரப்பாலத்துப் பலகைகளை மாற்றுவாள். பெயருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள். "இன்னிக்கு ரொம்ப அறுத்துட்டா" என்று கூட வேலை செய்பவர்கள் சிரித்தால், மரத்தைத்தான் அறுத்தாள், வாயைத் திறக்கவேயில்லை என்று அர்த்தம்.

அடி வாங்கி வளர்ந்த உடம்பு அது. அப்பா கல்குவாரியில் வெடி வைக்கிறவர். பகலெல்லாம் பாறையை உடைத்துவிட்டு வந்து, வீட்டில் பெல்ட்டைக் கழற்றுவார். அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். தம்பி கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொள்வான். இவள்தான் வெளியே நின்று வாங்குவாள். கொஞ்சம் வளர்ந்தபிறகு ஒருநாள் பெல்ட்டின் மறுமுனையைப் பிடித்து இழுத்து, அப்பாவின் மூக்கை நெற்றியால் முட்டி உடைத்தாள். அதன்பிறகு அவர் அவள் பக்கம் கை ஓங்கவில்லை. அவளுக்கு விழவேண்டியதும் சேர்ந்து தம்பிமேல் விழுந்தது. கட்டிலைத் தூக்கி நிறுத்திவிட்டு அவனை அடித்தார். அதை அவள் மறக்கவில்லை. பிற்காலத்தில் அவன் செய்ததையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

தம்பி பைக் மெக்கானிக். மலையடிவாரத்தில், எண்ணெய் ஊறிக் கறுத்த தரையோடு ஒரு ஷட்டர் கடை. சுவர் முழுக்க ஆணிகளில் பழைய டியூபும் செயினும் தேய்ந்த கிளட்ச் ஒயர்களும் சுருள் சுருளாகத் தொங்கும். அந்த ஒயர்களில் பாதி காட்டுக்குப் போகின்றன என்பது அவனுக்கும், அவன் பிடித்துத் தரும் காட்டுப்பன்றிக் கறியை ரகசியமாக வாங்கும் இரண்டு மூன்று பேருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

அவளுக்கு அது தெரிய வந்தது ஒரு நாயால். நடக்க வந்த தம்பதியின் நாய் பாதையோரப் புதரில் மூக்கை நுழைத்து, கழுத்தில் சுருக்கு மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க ஒயர் உள்ளே இறங்கியது. அவள் ஓடிப்போய் கட்டரால் வெட்டுவதற்குள் தொண்டை அறுந்துவிட்டது. கையில் மிஞ்சிய ஒயரின் நுனியில், வண்டி கிளட்ச் ஒயருக்கு மட்டும் இருக்கும் ஈயக் குமிழ் அப்படியே இருந்தது, கிரீஸும் காயவில்லை.

நேராகக் கடைக்குப் போனாள். அவன் ஒரு வண்டியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒயரை அவன் முன்னால் போட்டாள்.

"இது உன்னோடதா?"

"ஊர்ல நான் ஒருத்தன்தான் மெக்கானிக்கா?"

"பாதையில வெச்சிருக்க. மனுஷன் கால் மாட்டினா?"

"மாட்டினா பாத்துக்கலாம், போக்கா. வாயே திறக்காதவ, இன்னிக்கு என்ன வக்கீல் மாதிரி பேசற?"

அவள் டயர் கழற்றும் இரும்பை எடுத்து அவன் முழங்கையில் ஒன்று போட்டாள். அவன் ஸ்பேனரோடு எழுந்தான். அவள் உதடு கிழிந்தது. அவன் ஸ்டாண்டில் நின்ற வண்டியோடு சேர்ந்து சாய்ந்தான். பெட்ரோல் கொட்டி இருவர் உடம்பிலும் வழிந்தது. பக்கத்துக் கடைக்காரர் வந்து பிரிக்கும்போது அவள் அவன் மார்பின்மேல் உட்கார்ந்து, இரும்பை அவன் கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"விட்டுடறேன். இனிமே வைக்கமாட்டேன்" என்றான், மூச்சு வாங்க.

அதை நம்பினாள். நம்பவேண்டும் என்று இருந்தது. ஆபீஸில் எதுவும் சொல்லவில்லை. அடுத்த சில வாரங்கள் தனியாக அலைந்து, கண்ணில் பட்ட கண்ணிகளையெல்லாம் பிடுங்கிப் புதைத்தாள்.

மழைக்காலம் முடிந்து பாதைகள் மறுபடி நிறைந்தன. தினமும் வருகிறவர்களில் லாரிக்காரர் ஒருவர். நாற்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். "உக்காந்தே உலகத்தைச் சுத்தினேன், இப்ப நடந்து தீர்க்கச் சொல்றாங்க" என்பார். ரம்பத்திடம் ஒரு வார்த்தையாவது வாங்காமல் போகமாட்டார்.

அன்று காலை ஆற்றுப்பாதையில் ஒரு மரம் விழுந்திருந்தது. அதை அறுக்கப் போகும்போது அவர் பின்னாலேயே வந்தார்.

"என்னம்மா ரம்பம், இன்னிக்காவது பேசுவியா?"

"பாத்து வாங்கண்ணே. வழுக்கும்."

"அடேயப்பா, மூணு வார்த்தை. இது போதும் இந்த வாரத்துக்கு."

அவர் படியில் மெல்ல இறங்க, அவள் முன்னால் போனாள். வளைவைத் தாண்டியதும் சத்தம் கேட்டது. தகரத்தைக் கிழிப்பதுபோல ஒரு அலறல். பாதையை ஒட்டிய மரத்தில் கட்டிய ஒயரில் பின்னங்கால் சிக்கி, பெரிய ஆண் பன்றி ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. காலில் எலும்பு தெரிந்தது. வாயில் நுரையும் ரத்தமும். அதன் எதிரே தம்பி ஈட்டியோடு நின்றான்.

"தள்ளி நில்லுக்கா. ஒரே குத்து."

"குத்தாதடா. பின்னாடி ஆள் வராங்க. ஆபீசுக்குச் சொல்றேன், ஊசி போட்டுப் பிடிக்கட்டும்."

"ஆபீசுக்குச் சொன்னா ஊசி எனக்குத்தான்" என்றவன் பாய்ந்து குத்தினான். ஈட்டி தோள் எலும்பில் பட்டு வழுக்கியது. வலியில் பன்றி முழு உடம்பையும் முன்னால் எறிந்தது. ஒயர் அறுந்தது. தம்பி பக்கத்துப் பாறைமேல் தாவி ஏறினான். பன்றி அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு, பாதையில் மேல்நோக்கி ஓடியது.

வளைவில் லாரிக்காரர் நின்றுகொண்டிருந்தார். கைத்தடியை நீட்டினார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. பன்றி அவரைத் தூக்கி எறிந்து, விழுந்தவரின் தொடையில் கோரைப்பல்லை ஏற்றிக் கிழித்தது. திரும்ப வந்து மறுபடி கிழித்தது.

அவள் ஓடிக்கொண்டே ரம்பத்தின் கயிற்றை இழுத்தாள். முதல் இழுப்பில் இருமி நின்றது. அடுத்ததில் பிடித்துக்கொண்டது. சத்தத்துக்குப் பன்றி திரும்பி அவள்மேல் பாய்ந்தது. பற்சங்கிலியை அதன் கழுத்தில் இறக்கினாள். ரத்தமும் மயிரும் அவள் முகத்தில் தெறித்தன. ரம்பம் எலும்பில் மாட்டித் துள்ளி அவள் தோளில் மோதியது. தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. பன்றி அவள் காலடியில் நீண்ட நேரம் உதைத்துக்கொண்டு கிடந்து அடங்கியது.

லாரிக்காரரின் தொடையிலிருந்து ரத்தம் விட்டு விட்டுப் பீய்ச்சியது. மண்டியிட்டு ஒரு கையால் அழுத்தினாள். இன்னொரு கை தூக்க வரவில்லை. விரல்களுக்கு நடுவே வழிந்துகொண்டே இருந்தது.

"டேய், வாடா" என்று கத்தினாள். "துணியால இறுக்கிக் கட்டணும். எனக்கு ஒரு கைதான் இருக்கு. வாடா."

தம்பி பாறையிலிருந்து இறங்கினான். அவளைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். ஈட்டியை எடுத்துக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டான்.

"என் செருப்பு எங்கம்மா?" என்றார் லாரிக்காரர். அவள் தலையைத் திருப்பித் தேடினாள். படியோரம் கிடந்தது. "இருக்குண்ணே" என்று சொல்லித் திரும்பியபோது அவர் கேட்கும் நிலையில் இல்லை.

ஆஸ்பத்திரியில் கையை மார்போடு சேர்த்துக் கட்டினார்கள். வனத்துறை ரேஞ்சர் கட்டிலருகே வந்து, கண்ணி வைத்தது யார் என்று கேட்டார். "நாளைக்குச் சொல்றேன் சார்" என்றாள். அவளுக்கு முதலில் தம்பியிடம் ஒன்று கேட்கவேண்டியிருந்தது.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பியதும் அவனே அங்கே வந்தான், அம்மாவைக் கூட்டிக்கொண்டு. அடுப்படியிலேயே பேச்சு தொடங்கியது.

"உங்கப்பாவும் போய்ச் சேந்துட்டாரு. அவனும் உள்ள போயிட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றாள் அம்மா.

"யாரும் என்னைப் பாக்கலக்கா. நீ வாயத் திறக்காம இருந்தாப் போதும். அதான் உனக்குப் பழக்கமாச்சே. பன்னிதானே கொன்னுச்சு, நானா கொன்னேன்?"

"கூப்பிட்டேனே. ஏன் வரல?"

அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"காது கேட்டுச்சா, இல்லையா?"

"கேட்டுச்சு."

"அப்ப சொல்லத்தான் போறேன்."

அவன் முறிந்த எலும்பின்மேலேயே குத்தினான். அவளுக்குக் கண் இருட்டியது. முடியைப் பிடித்துச் சமையல் மேடையில் மோதினான். தட்டுகள் சிதறின. வாசலில் நின்ற அம்மா கதவை வெளியிலிருந்து சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் அவளுக்கு வெறி ஏறியது. கையில் அகப்பட்ட குக்கரை இடது கையால் வீசினாள். அவன் தாடையில் இறங்கியது. இன்னொரு முறை வீசினாள். அவன் பற்களைத் துப்பிக்கொண்டு சரிந்தான். மூன்றாவது முறை ஓங்கியபோது அவன், சின்ன வயதில் போலவே, மேடைக்கு அடியில் நுழையப் பார்த்தான். அவள் குக்கரைக் கீழே வைத்துவிட்டாள்.

கதவை உதைத்துத் திறந்து, அம்மாவைத் தாண்டி நடந்தாள். ரத்தம் வழியும் நெற்றியோடு ஆபீஸுக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னாள். நாயைப் பற்றி, கடைச் சண்டையைப் பற்றி, தானே கண்ணிகளைப் புதைத்துவிட்டு மறைத்ததைப் பற்றியும்.

"இதைச் சொன்னா உன் வேலைக்கும் ஆபத்தும்மா" என்றார் ரேஞ்சர்.

"எழுதிக்கோங்க சார்."

தம்பி சிறைக்குப் போனான். அவளைப் பல மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வராந்தாவில் லாரிக்காரரின் மனைவி அவள் எதிரே வந்து நின்றார்.

"நாய் மாட்டினப்பவே சொல்லியிருந்தா அவர் இருந்திருப்பாரில்ல?"

"ஆமாக்கா" என்றாள்.

அந்த அம்மாள் ஓங்கி ஒரு அறை விட்டார். அவள் அசையாமல் வாங்கிக்கொண்டாள். அடித்தவர்தான் தன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

திரும்ப வேலையில் சேர்ந்தபோது வலது கை தோளுக்குமேல் எழவில்லை. ரம்பம் தூக்க முடியாது. கண்ணி தேடும் வேலை கொடுத்தார்கள். கம்பி கண்டால் பிடுங்கி, யார் வைத்ததாக இருந்தாலும் ஆபீஸில் கொடுத்தாள். இரண்டு முறை கண்ணிக்காரர்களோடு கைகலப்பு ஆனது. ஒருவன் அவள் காதைக் கடித்துக் கிழித்தான். அவளும் அவனைச் சும்மா அனுப்பவில்லை.

தம்பி வெளியே வந்து சில மாதம் கழித்து, ஒரு மத்தியானம் ஆபீஸ் கேட்டருகே நின்றிருந்தான். முகம் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"அம்மாவுக்கு முடியல. உன்னைப் பாக்கணுங்கறா."

"வரேன்."

இருவரும் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். நிழற்குடையில் உட்கார்ந்ததும் அவன் தாடையைத் தடவினான்.

"இன்னும் வாய் சரியா மூடமாட்டேங்குது."

"என் கையும் மேல போகல."

பஸ் வந்தது. அவன் முன்பக்கம் ஏறினான், அவள் பின்பக்கம்.