பவளத்துக்கும் தூக்கம் வேண்டுமாம்

இன்று பஸ் பிடித்து சிரம்பானில் இருக்கும் மீன் தொட்டிக் கடைக்குப் போனேன்.

என் வீட்டுக்காரர் இறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. அவர் போர்டிக்சன் கடற்கரையிலிருந்து கடல் தண்ணீர் சுமந்து வந்து வளர்த்த பவளங்கள் தொட்டியில் வெளுத்துக்கொண்டே வருகின்றன. அவையும் போய்விடுமோ என்று பயம்.

கடைக்காரர் தமிழர்கள் நிறைந்த ரப்பர் எஸ்டேட்டில் பிறந்த சீனர். நம்மைப் போலவே தமிழ் பேசுவார்.

"லைட்டு எவ்ளோ நேரம் போடுறீங்க அக்கா?"

"அணைக்கிறதே இல்ல. பதினாறு வரைக்கும் சாவு வீடு இருட்டாகக் கூடாதுல்ல."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, அதுவும் தூங்கணும்லா! கலர்தான் போயிருக்கு, உயிர் இருக்கும். இடம் மாத்தாதீங்க. பகல்ல கொஞ்ச நேரம் லைட் போதும். மெதுவா தேறிடும்."

வீட்டுக்கு வந்து, வீட்டுக்காரர் படத்தின் முன் எண்ணெய் விளக்கைத் தூண்டிவிட்டு, தொட்டி லைட்டை அணைத்தேன்.

நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "என்னா அண்ணி, அண்ணனுக்குப் பதினாறுகூட முடியல, அதுக்குள்ள அணைச்சிட்டீங்க?"

"உங்க அண்ணன் வளத்ததுதான் தூங்குது. சத்தம் போடாத."

முறைத்துவிட்டுப் போனாள். பதினாறு முடியும்வரை அவள் இங்கேதான் இருப்பாள், சுவிட்சும் அவள் கைக்கு எட்டும். பவளத்தைத் தேற்ற வழி கேட்டு வந்துவிட்டேன். நாத்தனாரைத் தேற்ற வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.