காலி ரோட்டில் நாற்பத்திரண்டு நிமிடங்கள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இது எனக்கு நடந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆவணி மாதம், பட்டப்பகலில்.

நான் பரிமளா. பெரம்பலூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். அரியலூருக்குச் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் ரோட்டில், ஒரு வேகத்தடைக்குள் காந்தமும் செம்புக்கம்பிச் சுருளும் புதைத்திருந்தோம். சக்கரம் ஏறினால் மின்சாரம் வரும். அந்தச் சுருளை மூன்று மாதம் உட்கார்ந்து கையால் சுற்றியவன் என்னோடு படித்த அரவிந்தன். ஆனால் எங்கள் ஆய்வுக் கட்டுரையில் அவன் பெயர் இல்லை. "ரெண்டு பேர் போதும்மா" என்றார் என் வழிகாட்டி குருநாதன் சார். ஒன்று அவர், இன்னொன்று நான். நானும் வாயை மூடிக்கொண்டேன். டாக்டர் பட்டம் வேண்டுமே!

ஒன்றுதான் பாக்கி. வண்டி போகாதபோது கருவி பூஜ்யம் காட்ட வேண்டும். அந்த அளவு இல்லாமல் கட்டுரையை ஆய்விதழில் ஏற்க மாட்டார்கள். அன்று மாலை ஆறு மணியோடு கெடு முடிகிறது. அந்த ரோட்டில் லாரி என்றைக்கு நின்றது?

அன்று நின்றது. மூன்று கிலோமீட்டர் தள்ளி லாரி மோதி யாரோ இறந்துபோக, ஊர்க்காரர்கள் உடலை நடுரோட்டிலேயே வைத்து மறியல் செய்தார்கள்.

"பைக்ல வந்த புள்ளயாம். தாசில்தார் வந்தாத்தான் தூக்க விடுவாங்களாம்" என்றார் டீக்கடை ராசாத்தி அக்கா.

யார் என்று நான் கேட்கவில்லை. சந்தோஷப்பட்டேன். வெட்கங்கெட்ட சந்தோஷம்.

மதியம் 12.10. சுருளோடு இணைத்திருந்த லேப்டாப்பைத் திறந்தேன். ரோடு காலி.

திரையில் கோடு துள்ளியது.

டப்... டப்... டப்...

ஒரே சீர். நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. வேகத்தடை மேல் கை வைத்தேன். அசைவே இல்லை. உச்சி வெயிலில் தார் சில்லிட்டிருந்தது.

12.31. சுருளின் ஒயரைப் பிடுங்கினேன். கோடு நிற்கவில்லை.

"அக்கா... இந்தப் பக்கம் யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலியே. ஏம்மா இப்புடி வேர்க்குது ஒனக்கு?"

12.40. நாற்பதாகக் குறைந்தது.

12.50. இருபது.

டப்...

டப்.

12.52. நின்றது.

ஒயரைத் திரும்ப மாட்டினேன். அதன்பிறகு சுத்தமான பூஜ்யம். முந்தைய நாற்பத்திரண்டு நிமிடங்களை 'இரைச்சல்' என்று அழித்துவிட்டு, மிச்சத்தை அனுப்பினேன்.

மறுநாள் குருநாதன் சார் போன் செய்தார். "நேத்து செத்தது நம்ம அரவிந்தனாம்மா."

நான் சொன்னேன். "கட்டுரையில அவன் பேரைச் சேர்த்துடலாம் சார்."

"செத்தவன் எப்படிம்மா ஃபார்ம்ல கையெழுத்துப் போடுவான்? விடு."

விட்டேன். கட்டுரை வந்தது. பட்டமும் வந்தது.

அவன் கருமாதிக்குப் போயிருந்தேன். அவன் அண்ணன் நடராசன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒங்க மெஷின ஒரு எட்டு பாத்துட்டு வரேன்னுதான் கெளம்புனான். ஒம்போதரைக்கு மோதுன ஒடனேயே உசுரு போயிருச்சும்மா. அதுக்கப்பறம் ரோட்டுலயேதான் கெடந்தான். தாசில்தார் வந்து, நாங்க அவனைத் தரையில இருந்து தூக்குறப்ப செல்லுல மணி பாத்தேன்... பன்னெண்டு அம்பத்திரண்டு."