நான் மாற்றிய ஆஸ்பத்திரி

நான்காவது படிக்கும்போது நான் சொன்ன ஒரு பொய்யால் எங்கள் குடும்பம் ஆஸ்பத்திரி மாறியது. இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை, சொல்லும் துணிச்சலும் வரவில்லை.

பரமக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள் நாங்கள். வந்த மூன்றாம் மாதம் நான் பிறந்தேன். அப்பா ஷிஃப்டில் இருந்தாராம். துணைக்கென்று ஒரு பெண்பிள்ளை கிடையாது. நான் பிறந்த சின்ன ஆஸ்பத்திரியின் நர்ஸம்மாதான் தன் வீட்டிலிருந்து ரசஞ்சோறு கொண்டுவந்து ஊட்டி, அம்மாவுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டிருக்கிறார். அதோடு சரி, அம்மாவுக்கு உலகத்தில் வேறு ஆஸ்பத்திரியே இல்லை. திருப்பூரிலேயே தள்ளியிருக்கும் நல்லூருக்குக் குடிவந்த பிறகும், வழியில் மூன்று ஆஸ்பத்திரிகளைத் தாண்டி, பஸ் மாறி, என் சளிக்கும் அங்கேதான் போவோம். வீட்டில் பேசும்போது ‘நர்ஸம்மா’ என்பாள், நேரில் ‘அக்கா’. கூட வராத அப்பா, குலசாமி கோயிலுக்குக் கிளம்பியாச்சா என்று கேலி செய்வார்.

போகும்போதெல்லாம் கையில் ஒரு பை இருக்கும். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தாள். அங்கே கழித்துப்போடும் வெள்ளை கட்டிங் துணியைக் கேட்டு வாங்கி, வெந்நீரில் அலசிக் காயவைத்து, மடித்து எடுத்துப்போவாள். பிறந்த குழந்தைகளைத் துடைக்க இதுபோல மெத்தென்ற துணி வராது என்று நர்ஸம்மா ஆசையாக வாங்கிக்கொள்வார். எனக்கோ மானம் போகும். என் வகுப்புத் தோழி போகிற புது ஆஸ்பத்திரியில் ஏசி இருந்தது, போய் நின்றால் கதவு தானாகத் திறந்தது. நாங்கள் மட்டும் வேஸ்ட் துணியோடு மரப்பெஞ்சில்.

ஒருநாள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் ஆரம்பித்தேன். அம்மா மாத்திரை வாங்கப் போயிருந்த நேரத்தில், இந்தக் குப்பையை வேறு தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள் என்று நர்ஸம்மா யாரிடமோ சொல்லிச் சிரித்தார் என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அக்காவா அப்படிச் சொன்னாக?”

“ஆமாம்மா.”

உண்மையில் அவர் சொன்னது, “அம்மாளப் படுத்தாம மாத்தரயக் குடிச்சுப்போடோணுங் கண்ணு” என்பது மட்டும்தான்.

அம்மா சண்டைக்குப் போகவில்லை. அப்பாவிடம், அது ரொம்பத் தூரம் என்று முடித்துக்கொண்டாள். அடுத்த சளிக்குப் புது ஆஸ்பத்திரி. கதவு எனக்கும் திறந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம்.

சில மாதங்கள் கழித்து, வாரச்சந்தையில் நர்ஸம்மா எங்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். “ஏங் கண்ணு, ஆளையே காணோம்? பாப்பா நல்லாருக்குதுங்களா?” அம்மாவின் வயிற்றில் அப்போது தம்பி. நர்ஸம்மாவின் கண் அங்கே போனது, பிரசவத்துக்கு நம்மிடம்தானே வருவாய் என்று கேட்டார். வேலை ஜாஸ்தி என்று எதையோ தரையைப் பார்த்துச் சொன்னாள் அம்மா. நான் அவள் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

தம்பி பிறந்தது புது ஆஸ்பத்திரியில். ஒரு பகல் முழுக்க வலி. “அக்காவக் கூப்பிடுங்க” என்று அம்மா கத்திக்கொண்டே இருந்தது வெளியே கேட்டது. அங்கிருந்த நர்ஸ் வந்து, அக்கா எங்கே, போன் பண்ணி வரச்சொல்லுங்கள் என்றார். அப்பா விழித்தார்.

“அவளுக்குக் கூடப்பிறந்த அக்கா யாரும் இல்லையே சிஸ்டர்.”

எந்த அக்கா என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அப்பா ஆட்டோ பிடித்துப் போய் அழைத்து வந்திருப்பார். வாயைத் திறந்தால் என் பொய்யும் வெளியே வந்துவிடுமே என்று கப்சிப்பென்று உட்கார்ந்திருந்தேன்.

தம்பி நல்லபடியாகப் பிறந்தான். ஆஸ்பத்திரிதானே மாறியது, என்ன குறைந்துபோயிற்று என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். போன வருஷம் என் பிரசவத்தில், அம்மாவின் கையை விடமாட்டேன் என்று இறுக்கிப் பிடித்திருந்தேன். அவளுக்கு அப்படிப் பிடித்துக்கொள்ள இந்த ஊரில் இருந்தது ஒரே ஒரு கை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.