சம்பந்தி வீட்டுக் கராஜில் என் பியர்

இன்று காலைதான், பியரின் அடர்த்தியை அளக்கும் என் ஹைட்ரோமீட்டரை முதன்முறையாக வெறும் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்தேன். 1000 காட்ட வேண்டியது 992 காட்டியது. உள்ளே இருக்கும் அளவுத்தாள் நழுவியிருக்கிறது.

வீட்டில் பியர் காய்ச்சாதவர்களுக்குச் சொல்கிறேன். நொதிக்க நொதிக்கச் சீனி குறையும், இந்த எண்ணும் இறங்கும். மூன்று நாள் அசையாமல் 1010 நின்றதைக் கொப்பியில் எழுதிய பிறகே போத்தலில் அடைத்தேன். உண்மையில் அது 1018; நொதிப்பு முடியாமல் இடையில் நின்றிருக்கிறது. மிச்சச் சீனி போத்தலுக்குள் நொதித்தால் கண்ணாடி வெடிக்கும்.

ஆய்வுகூடத்தில் அளவுகருவிகளைச் சரிபார்த்தே ஓய்வுபெற்றவன் நான்.

அந்தப் பன்னிரண்டு போத்தலும் குவேக்கர்ஸ் ஹில்லில், மகளின் மாமனார் வீட்டுக் கராஜில் இருக்கின்றன. நானே ஆசையாகக் கொடுத்தது.

இரண்டு தரம் போன் எடுத்து, மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன். பிறகு ஒருவாறு சொன்னேன்.

"சம்பந்தி, அந்த பியரைத் தொட்டுடாதேங்கோ. வெடிச்சாலும் வெடிக்கும்."



"ஓம், முந்தநாள் ரெண்டு வெடிச்சது. நீங்கள் மனம் நோவியள் எண்டு சொல்லேல்லை."

"ஐயோ! மிச்சம்?"

"அப்பிடியே இருக்கு. சம்பந்தி தந்ததை எப்பிடி எறியிறது? கராஜைப் பூட்டிப்போட்டு, காரை ரோட்டிலை விடுறம்."

"நான் வாறன்" என்று வாய் சொல்லிவிட்டது.

தடித்த கோட்டும் தோல் கையுறையும் போட்டுக்கொண்டு, காருக்குள் இருந்து இதை எழுதுகிறேன். இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை.

இப்படிப்பட்ட போத்தலைத் திறந்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து கீழே எழுதுங்கள். காயத்தின் படம் மட்டும் போடாதீர்கள்.