வெளிமாநிலத்தான் பிடித்த மரநாய்

எந்தக் காரியமானாலும் விதி என்ன என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவேன். கேட்ட பிறகு விதிப்படி நடந்தேனா என்பது வேறு விஷயம். பெங்களூரை அடுத்த ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை. மற்றவர்கள் வியர்வை சிந்திச் செய்ததை அளந்து பார்த்து, 'சரியில்லை' என்று சிவப்பு மை தடவித் திருப்பி அனுப்புவதற்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். அந்தப் புத்தி சீருடையோடு கழன்றுவிடவில்லை, என்னோடு வீட்டுக்கும் வந்தது.

வீடு சந்தாபுராவில், ஒரு மாடிப் போர்ஷன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதன் அடியில் பிளைவுட் சீலிங். கீழ்வீட்டில் ஓனர் குடும்பம். கன்னடக்காரர்கள்தான், ஆனால் என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார்கள். இரண்டாயிரத்துக்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கும். அப்போது எங்களைப் போன்றவர்களின் உடம்பு மட்டும்தான் சந்தாபுராவில் குடியிருந்தது. ரேஷன் கார்டு ஊரில், ஓட்டு ஊரில், ஸ்கூட்டருக்குத் தமிழ்நாட்டு நம்பர். தீபாவளித் துணிக்கு ஓசூர், பல் பிடுங்க ஓசூர், ஜாதகம் பார்க்கவும் ஓசூர். எந்தச் சிக்கலையும் எல்லை தாண்டி ஓசூருக்குக் கொண்டுபோய்விட்டால் தீர்ந்துவிடும் என்பது எங்கள் நம்பிக்கை.

அந்த வருஷம்தான் எங்களுக்கு முதல் குழந்தை பிறந்தது. முறைப்படி என் மனைவி மூன்று மாதமாவது தாய்வீட்டில் இருந்திருக்க வேண்டும். எனக்கு ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது நாள் கழிந்த மறுநாளே கார் பிடித்துப்போய் இருவரையும் கூட்டிவந்துவிட்டேன். மாமியார் வாசல்வரை வந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அதை மாப்பிள்ளைக்குக் கொடுத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

வந்த இரண்டாவது வாரம் மனைவி சொன்னாள்.

"மேல என்னமோ ஓடுதுங்க. எலி இல்ல. எலி இவ்ளோ கனமா நடக்காது."

ஓனர் ஏணி வைத்து ஏறி, கூரை ஓரத்து ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கினார். "புனுகு பெக்கு சார். உங்க தமிழ்ல மரநாய். பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது."

ஒன்றும் பண்ணாமல் இல்லை. சீலிங்கில் மஞ்சளாய் ஒரு கறை இறங்கியது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஒருநாள் மாலை நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது மனைவி என் எதிரில் வந்து நின்றாள். குரல் உயர்த்திப் பேசுகிறவள் இல்லை அவள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இது போகலைன்னா, நான் கொழந்தையத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

திரும்பி வருவதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. முதலில் எனக்கு ஹோட்டல் சாம்பார் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது, நிஜமான பயம். வரிசையில் அது இரண்டாவதாக வந்ததை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு வனத்துறை அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவரிடம் என் அரைகுறைக் கன்னடத்தில் விஷயத்தைச் சொல்லி, கடைசியில் என் முத்திரைக் கேள்வியைப் போட்டேன். நான் வெளிமாநிலத்துக்காரன், வெளிமாநிலத்தார் இங்கே பிராணி பிடிக்க விதி என்ன, உள்ளூர்க்காரருக்கு ஒரு படிவம், எங்களுக்கு ஒரு படிவம் என்று இருக்கிறதா?

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நல்ல தமிழில் பதில் வந்தது.

"இந்த ஊர்லயே பொறந்த நானும் பிடிக்கக் கூடாது, நேத்து வந்த நீங்களும் பிடிக்கக் கூடாது. உங்க ஊர்லயும் கூடாது. இதுல மட்டும் நாமெல்லாம் ஒண்ணு சார்."

பெரிய அதிகாரி எழுத்தில் உத்தரவு கொடுத்தால்தான் கூண்டு வைக்கலாம். மாநிலம் தாண்டிக் கொண்டுபோவதென்றால் இரண்டு பக்கமும் தாள் வேண்டும் என்றார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன்.

"அதுக்குள்ள அதுவே போயிடும். பொறுங்க. ஒரு ஜீவன் ஒரு எடத்த விட்டு நகரலைன்னா அதுக்கு ஏதாச்சும் காரணம் இருக்கும். அத முதல்ல பாருங்க."

படிவத்தைக் கேட்டுப் போனவனுக்குப் புத்திமதி கிடைத்தது. எனக்குக் கோபம். வரும் வழியெல்லாம் விதியை என் பக்கம் வளைத்துக்கொண்டே வந்தேன். பிடிப்பது என்றால் தோலுக்காகவோ, கறிக்காகவோ, விற்பதற்காகவோ பிடிப்பது. நான் செய்யப்போவது வேறு. ஒரு குடித்தனக்காரரை வேறு வீட்டுக்கு மாற்றிவைக்கிறேன், அவ்வளவுதான். எந்த வீட்டுக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஓசூருக்கு.

கூண்டு செய்ய ஆடுகோடியில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். கதவு விழும் வேகம், கம்பிக்குக் கம்பி இடைவெளி எல்லாம் அளவு குறித்துப் படம் வரைந்து கொண்டுபோயிருந்தேன். பட்டறைக்காரர் படத்தைத் தலைகீழாகவும் ஒருமுறை பிடித்துப் பார்த்தார்.

"ராக்கெட் எதுனா உடப்போறியா சார்?"

கூண்டு பிரமாதமாக வந்தது. அதற்குள் கருவாடு வைத்தேன். முதல் நாள் ஓனரம்மாவின் பூனை மாட்டியது. இரண்டாம் நாளும் அதே பூனை, இந்த முறை விருந்துக்கு வந்த தோரணையில். ஓனரம்மா படியேறி வந்து, பூனையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அதுக்குப் பழம் வைக்கணும் சார், மீன் இல்ல. ஏலக்கி பாளெ வைங்க," என்று வாழைப்பழத்தைச் சொல்லிவிட்டுப் போனார். படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் இரண்டையும் கெடுத்தேன்.

ஞாயிறு விடிந்தபோது கூண்டுக் கதவு விழுந்திருந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில், நீண்ட வாலோடு, முகத்தில் கறுப்பு பூசிக்கொண்ட ஒரு பிராணி மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. நான் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை. பொருள் அளவில் அடங்குகிறதா என்று பார்க்கும் பழக்கத்தில், கதவு என் படத்தில் இருந்தபடி விழுந்திருக்கிறதா என்பதைத்தான் பார்த்தேன். விழுந்திருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பழைய போர்வையைப் போட்டு மூடி, ஸ்கூட்டர் பின்சீட்டில் கயிற்றால் கட்டிப் புறப்பட்டேன்.

எல்லையில், அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் லாரிகளைத்தான் நிறுத்துவார்கள். என் ஸ்கூட்டர் அதுவரை நூறு முறையாவது அதைக் கடந்திருக்கும், ஒருவரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. அன்றைக்கும் யாரும் பார்க்கவில்லை. ஓரத்தில் ஒரு காக்கிச் சட்டையைக் கண்டதும் நானாகத்தான் பிரேக்கை அழுத்தினேன். வண்டி அணைந்தது. பின்னால் மரநாய் சீறியது, கூடவே குப்பென்று நாற்றம். காக்கிச் சட்டைக்காரர் மெதுவாக நடந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும், வனக் காவலர்.

"யாராச்சும் நிக்கச் சொன்னாங்களா சார்?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் நின்னீங்க?"

அவர் போர்வையை விலக்கிக் குனிந்தார். நான் கேட்டுப் பாடம் செய்திருந்த சட்டத்தையெல்லாம் எனக்கு எதிராக நானே ஒப்பித்தேன். உத்தரவு இல்லை, தாள் இல்லை, இரண்டு பக்கமும் இல்லை. அவர் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. பிராணியின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அய்யோ சார், இது பாணந்தி. குட்டி போட்டவ. மடி பாருங்க, பால் கட்டிக்கிட்டு எப்படி இருக்குன்னு. குட்டிங்க எங்க?"

நான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஒண்ணும் தெரியாதா? கேஸ் எழுதலாம் சார், எழுதணும். எழுதி முடிக்கறதுக்குள்ள பொழுது போயிடும், குட்டிங்களும் போயிடும். நம்பர குறிச்சுக்கறேன். எடுத்த எடத்துக்கே போங்க. அது வந்து போற வழிக்கு நேரா வெச்சுத் திறந்து உட்டுட்டு நகர்ந்துடுங்க. பச்ச உடம்புக்காரியப் போய்..." என்று தலையில் அடித்துக்கொண்டார். அடி என் தலையில் விழுந்த மாதிரிதான் இருந்தது.

திரும்பும்போது ஸ்கூட்டரை அதற்கு முன்னும் பின்னும் நான் ஓட்டாத வேகத்தில் ஓட்டினேன். அந்தக் குட்டிகள் செத்துப்போயிருந்தால் அந்த வீட்டில், அந்தச் சீலிங்குக்குக் கீழே, என் குழந்தையை எப்படித் தூங்கவைப்பேன் என்று நினைத்தேன். வேண்டாத தெய்வம் இல்லை.

படியேறும்போதே கேட்டது. மேலே மெல்லிசாக, விடாமல், இரண்டு மூன்று குரல்கள். மனைவி சீலிங் கறைக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் ஜாக்கெட் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

"நீங்க போனதுல இருந்து கத்துதுங்க. எனக்குப் பால் சுரந்துக்கிட்டே இருக்கு. நிக்க மாட்டேங்குது," என்று சொல்லி அழுதாள்.

நான் ஏணியில் ஏறி, கூண்டின் வாயை ஓட்டையோடு சேர்த்து வைத்துக் கதவைத் தூக்கினேன். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பலகையில் நான்கைந்து கனத்த அடிகள். குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. இறங்கி வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னும் கொஞ்ச நாள் அது இருக்கட்டும். நாத்தத்துக்கு ஏதாவது மருந்து அடிக்கறேன். நீ போயிடாத," என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு இதால ஒரு தொந்தரவும் இல்லீங்க. நீங்க ஷிப்ட்டுக்குப் போனப்புறம் இந்த வீட்ல எனக்குத் துணைன்னு கேட்டது இதோட நடமாட்டம் ஒண்ணுதான்."

"அப்புறம் ஏன் ஊருக்குப் போறேன்னு சொன்ன?"

"எங்கம்மாவப் பாக்கணும். உடம்பெல்லாம் வலிக்குது. வெறுமனே அப்படிச் சொன்னா நீங்க காரணம் கேப்பீங்க. மரநாய்னு சொன்னா ஒத்துக்குவீங்கன்னு நெனச்சேன்."

சரியில்லை என்று நான் திருப்பி அனுப்ப முடியாத ஒரு காரணத்தைத் தேடி, அவள் அத்தனை நாளும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். நான் வனத்துறையைக் கேட்டேன், ஓனரைக் கேட்டேன், வெல்டரைக்கூடக் கேட்டேன். ஒரே வீட்டில் பாயில் படுத்திருந்தவளை மட்டும் கேட்கவில்லை.

"போகணுமா?" என்றேன்.

"போகணும்."

மறுநாள் காலை இருவரையும் கொண்டுபோய் விட்டுவந்தேன். எப்போது திரும்புவாள் என்று மாமியார் முன்னால் கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. மூன்றாம் நாள் மரநாயும் குட்டிகளைக் கவ்விக்கொண்டு எங்கோ போய்விட்டது. அன்று ஷிப்ட் முடிந்து வந்து, கதவைத் திறந்து, விளக்கைப் போட்டுவிட்டு, பாயில் மல்லாந்து படுத்தேன். மேலே ஒரு சத்தமும் இல்லை. பக்கத்திலும் இல்லை. அந்த வீடு எப்படிப்பட்ட வீடு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் இரண்டரை மாதம் கழித்து, தானாகத்தான் திரும்பி வந்தாள். அதுவரை நான் ஒருமுறைகூட வரச் சொல்லவில்லை.