மாதம் ஒரு பொய்

கதைக்குக் கரு எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்பவர்களிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்துவிடுவது என் வழக்கம். உண்மையைச் சொன்னால் இருக்கிற கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும். ஒரு பெண்ணுக்காக மாதாமாதம் பொய்க் கடிதம் எழுதித்தான் நான் கதை எழுதக் கற்றுக்கொண்டேன்.

அப்போது கடல் கடந்து வந்து பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். கல்யாணமாகாதவன், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்ற கர்வம் வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் குவாட்டர்ஸ் ஆட்களுக்கு ஊர்க் கடிதம் எழுதிக் கொடுப்பேன். தண்டவாள வேலைக்காரர் ஒருவரின் மனைவியும் வருவாள். அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்த சேதியை ஊரிலிருந்த அவள் அக்காவுக்கு எழுதியவன் நான்தான். ஐந்தாம் மாதத்தில் காய்ச்சல் கண்டு குழந்தை போய்விட்டது. அதை எழுத அவள் விடவில்லை. தனக்குப் பிள்ளையில்லாத அக்கா, தங்கைக்காவது பிறக்கட்டும் என்று சாமிக்கு நேர்ந்துகொண்ட பிறகு பிறந்த பிள்ளை அது.

"அக்கா தாங்காதுய்யா. நல்லா இருக்கான்னே எழுதுங்க."

எழுதினேன். அக்கா விடுகிற ஆளா? பல் முளைத்ததா, தவழ்கிறானா, யார் ஜாடை என்று கேள்வி மேல் கேள்வி. எனக்குப் பிள்ளைகளைப் பற்றி என்ன தெரியும்? குவாட்டர்ஸ் வாசல்களில் நின்று குழந்தைகளை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். கண் பட்டுவிடும் என்று தாய்மார்கள் முந்தானையால் மூடித் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு முறை, ரயில் சத்தம் கேட்டால் பையன் வீறிட்டு அழுகிறான் என்று எழுதி வாசித்துக் காட்டினேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ரயில் போனால் அவன் சிரிப்பான் என்று திருத்தினாள். அடித்துவிட்டு அப்படியே எழுதினேன்.

குழந்தை இருந்திருந்தால் ஒரு வயது நிறைந்திருக்கும் சமயம், அக்காவின் கடிதம் ஒன்று வந்தது. பையனுக்கு முதல் முடி இறக்கி, மஞ்சள் துணியில் முடிந்து அனுப்பு, நேர்ந்துகொண்டபடி குலதெய்வக் கோயிலில் சேர்க்கிறேன் என்று எழுதியிருந்தாள். வாசித்துவிட்டு நான் பெரிய மேதாவி மாதிரி ஒரு யோசனை சொன்னேன். குவாட்டர்ஸில் யார் பிள்ளைக்காவது மொட்டையடிக்கும்போது கொஞ்சம் முடி வாங்கி அனுப்பிவிடலாமே என்றேன். அவள் பார்த்த பார்வையில் கூசிப்போனேன்.

"அக்காகிட்ட பொய் சொன்னேன், சரி. சாமிகிட்ட வேற யாரு புள்ள முடியையோ எப்படிய்யா குடுக்கறது?"

உண்மைக் கடிதத்தை அன்று அவளே சொன்னாள். நாலே வரி. நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. அவள் அழவில்லை, எனக்குத்தான் கண் கலங்கி எழுத்து மறைந்தது. அத்தனை மாதம் நானும் வளர்த்த பிள்ளை அல்லவா?

எழுந்து போனவள் வாசற்படியில் நின்றாள். வீட்டில் புருஷன் குழந்தையைப் பற்றிய பேச்சையே எடுக்க விடுவதில்லையாம்.

"அடுத்த மாசமும் வரேன்யா. எழுத வேணாம். எனக்குச் சொன்னா போதும்."

சொன்னபடியே வந்தாள். நான் காகிதம் எடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"நடக்கறானா?" என்று கேட்டாள்.

"நடக்கறான்மா," என்றேன். "சுவத்தப் புடிச்சுக்கிட்டு."